சேரன்மகாதேவியில் ஒரு சட்டி மணல்

மணல் அள்ளிக்கொண்டு போவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த ஒரே ஆள் நீதான் என்று கோவையில் என் அண்ணன் கேலி செய்தான். "அங்க மணலே இல்லியா?" என்று கேட்டான். மணல் இருக்கிறது. முப்பது வருடம் கடலை வறுத்த மணல்தான் அங்கே கிடைக்காது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை அணு உலை எரிபொருளைப் பற்றியது. அந்த எரிபொருளைச் சுண்டு விரல் நுனியளவு உருளைகளாக, பீங்கானைச் சுடுவதுபோலச் சுட்டுத்தான் உலைக்குள் வைப்பார்கள். உள்ளே அணு உடையும் ஒவ்வொரு முறையும் அதன் சிதறல்கள் பீங்கானின் படிக அடுக்கைக் குத்திக் கலைக்கும். எந்தப் பீங்கான் எவ்வளவு அடி தாங்கும், அடிபட்ட பிறகு தன்னை எவ்வளவு தூரம் சரிசெய்துகொள்ளும் என்பதைத்தான் ஒன்பது வருடமாகப் பார்த்துவருகிறேன்.

உலையில் சில ஆண்டுகள் அடி வாங்கிய உருளையை வெளியே எடுத்து, பத்திரமாக அடைத்து வைத்துவிடுவார்கள். அங்கே அது பல பத்தாண்டுகள் இளஞ்சூட்டில் கிடக்கும். நான் உருவாக்கிய பீங்கான் அந்த இளஞ்சூட்டிலேயே, காயம் ஆறுவதுபோல, மெல்ல மெல்ல ஆறிவிடும் என்று நான் எழுதினேன், மேடையில் பேசினேன், இரண்டு பேரோடு சண்டையும் போட்டேன். ஆனால் என் கையில் இருந்த ஆதாரம், ஆய்வுக்கூட அடுப்பில் சில மாதம் வைத்துப் பார்த்தது மட்டும்தான். முப்பது வருட இளஞ்சூட்டுக்கு என்ன சாட்சி என்று மேற்பார்வைக் குழு கேட்டது. ஆண்டு முடிவதற்குள் காட்டாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் உடன் வேலை பார்க்கும் முருகேசன் ஊரிலிருந்து வந்தவர், வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தார். அவர் சேரன்மகாதேவிக்காரர். "எங்க ஊரு சுடலைமுத்து அண்ணாச்சி கடலை. முப்பது வருசமா ஒரே மணலு. மாத்தவே மாட்டாரு" என்றார். எனக்குக் கடலை தொண்டையில் நின்றுவிட்டது.

ஆற்று மணலில் ஸிர்க்கான் என்ற கனமான துகள் கொஞ்சம் கலந்திருக்கும். என் பீங்கானுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன் முறை. இரண்டுக்கும் படிக அமைப்பு ஒன்றுதான். அதற்குள் இம்மியளவு யுரேனியம் உண்டு. (யாரும் பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டுச் சுவரில் பூசிய மணலிலும் அது இருக்கிறது.) பிறந்ததிலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தத் துகள் தன்னைத்தானே அடித்துக்கொண்டு உள்ளுக்குள் கலைந்து கிடக்கிறது. அப்படி அடிபட்ட துகளை முப்பது வருடம் இளஞ்சூட்டில் வைத்திருந்தால் ஆறுமா, ஆறாதா? பீங்கானுக்குக் கடலைச் சட்டியின் சூடும் இளஞ்சூடுதான். எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்க்க முடியாத அந்தச் சோதனையை ஒரு கடலைக் கடை சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "உங்க மணலைப் பார்க்க வர்றேனுங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது கூடுதலாகச் செய்து வைத்துவிடுவார், உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நம்பினேன்.

திருநெல்வேலியில் இறங்கிய முதல் நாள் எதுவும் செய்யவில்லை. பயணக் களைப்பில் கண் எரிந்தது. ஜங்ஷன் பக்கத்து மெஸ் ஒன்றில் கறுப்பு உளுந்துச் சோறும் எள்ளுத் துவையலும் வைத்தார்கள். எங்கள் கோவைப் பக்கம் உளுந்து என்றால் மாவில் ஒளிந்திருக்கும், இப்படி நேருக்கு நேர் இலையில் வந்து உட்காராது. பரிமாறியவர் என் இலையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கோழி கொத்துத மாதிரி கொத்துதீய? நல்லாப் பெசஞ்சு சாப்பிடுங்க" என்று அதட்டினார். ஜெர்மனியில் பரிமாறுபவர் இப்படி அதட்டினால் கடிதம் எழுதிப் புகார் செய்வார்கள். நான் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை செங்கோட்டைப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயில். ஜன்னலோர இடம். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், நடவு முடிந்து தண்ணீர் நின்றது. தண்ணீரில் வானம் கிடந்தது, வானத்தின் நடுவே பச்சைப் புள்ளிகளாக நாற்று. மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்ததால் மலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ரயில் மேகத்தை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள், யாரோ ஒரு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "ஆளு நல்ல ஆளுதாம். வாயத் தொறந்தாத்தான் சங்கடம்." "அப்போ சாப்பிடும்போது மட்டும் தொறக்கச் சொல்லு." அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது கல்லிடைக்குறிச்சி. சேரன்மகாதேவி எப்போதோ பின்னால் போயிருந்தது. அவசரமாக இறங்கி, அசடு வழிய நின்று, வந்ததற்கு அப்பளக்கட்டு இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் ரயிலில் தூங்கிவிட்டேன் என்று ஏன் சொன்னேனோ தெரியவில்லை. அவர் டிக்கெட் கிழித்தபடி, "இங்கனயும் தூங்கிராதீய, அப்புறம் நேரா திருநெல்வேலிதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அண்ணாச்சியின் கடை, ஆற்றுக்குப் போகும் தெருவில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்றில் இருந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, தோளில் துண்டு. "வாங்கம்மா, வாங்க. ஏட்டி பேச்சி, வந்துட்டாவ பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். அடுப்பின் மேல் இரும்புச் சட்டி, சட்டி நிறைய மணல்.

மணல் வெளுப்பாக இருந்தது. கோலம் போடலாம் போன்ற வெளுப்பு.

"அண்ணாச்சி, இது எத்தனை வருசத்து மணலுங்க?"

"வருசமா? முந்தாநாளு ஆத்துல அள்ளுனதும்மா! மூணு தண்ணி விட்டு அலசி, வெயில்ல காய வச்சுப் போட்டிருக்கோம். ஒரு தூசி கிடையாது, கைய வச்சுப் பாருங்க."

பேச்சியம்மாள் முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தாம் மாத்தச் சொன்னேன் தங்கச்சி. இவாளுக்கு மனசே இல்ல. வெளிநாட்டுல இருந்து மணலப் பாக்கன்னே ஒரு ஆளு வாராவ, அவாளுக்குக் கன்னங்கரேல்னு எண்ணெயேறிக் கிடக்கதையா காட்ட முடியும்? வீட்டுக்கு வந்தவியளுக்குப் பழைய சோத்தையா போடுவோம்?"

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருட வேலையை, மூன்று தண்ணீர் விட்டு அலசி, விருந்தாளி மரியாதையோடு என் முன்னால் வைத்திருந்தார்கள். அவர்கள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் மூடி வைத்தது நான்.

பழைய மணல்தான் வேண்டும், அந்தக் கறுப்பு மணல்தான் வேண்டும் என்று விளக்கினேன். முப்பது வருடச் சூடு, அடிபட்ட துகள், ஆண்டு முடிவு, எல்லாம் சொன்னேன். அண்ணாச்சி துண்டைக் கையில் எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பேச்சியம்மாளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"படித்துறைக்குப் போற சரிவுல வழுக்குதுன்னு பொம்பளையெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தாவ. அங்கன கொட்டிட்டேம்மா" என்றார் அண்ணாச்சி. "நேத்து ஒரு மழை வேற."

"சவத்த, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி?" என்றார் பேச்சியம்மாள். குரல் உடைந்திருந்தது.

மூன்று பேரும் சரிவுக்குப் போனோம். செம்மண் பாதையில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பு. அதன்மேல் ஆட்டுக் குளம்படி, சைக்கிள் தடம், செருப்புத் தடம். மழை கொஞ்சத்தை ஆற்றுப் பக்கம் இழுத்துப் போயிருந்தது. ஆற்று மணலும் மண்ணும் கலந்துவிட்டிருந்தன. கலந்ததை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எது முப்பது வருடம் சட்டியில் கிடந்தது, எது நேற்றுவரை ஆற்றில் கிடந்தது என்று துகளைக் கேட்டால் சொல்லுமா?

பேச்சியம்மாள் குனிந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இது நம்மது. இது நம்மது. இது இல்ல. இது நம்மது." எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. என் பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவர் "நம்மது" என்று ஒதுக்கிய துகள் ஒவ்வொன்றின் கீறலிலும் பள்ளத்திலும் கடலை எண்ணெய் கரிந்து மெழுகியதுபோல ஒட்டியிருந்தது. ஆற்றுத் துகளில் அது இல்லை. மழைக்கு அது கரையவும் இல்லை.

பாதையில் கிடந்ததை வழித்து அள்ளி, ஆற்றில் அலசினோம். பேச்சியம்மாள் வீட்டிலிருந்து, அங்கே சுளகு என்று சொல்லும் முறமும் மூன்று எவர்சில்வர் தட்டும் வந்தன. மணலைச் சுளகில் காய வைத்து, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல அவர் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் எனக்கும் கண் பழகியது. நான் பொறுக்கியதை அவர் மறுபடி பார்த்து, நாலில் ஒன்றைத் தள்ளிவிட்டார்.

அந்தப் பிற்பகலை எப்படிச் சொல்வது? படித்துறையில் நிழல் இருந்தது. தாமிரபரணி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. துணி துவைக்கும் ஓசை அக்கரையில் மோதி ஒரு நொடி தாமதித்துத் திரும்பி வந்தது. துகள்களைப் பார்த்துப் பார்த்து, தலை நிமிர்ந்தால் ஆறும் மரங்களும் ரொம்பப் பெரிதாக, யாரோ ஊதிவிட்டதுபோலத் தெரிந்தன. மணி என்ன, நாள் என்ன என்று மறந்து போனது. கோடி வருடம் என்று நான் வகுப்புகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது கொஞ்சம் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

குளிக்க வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். "என்னத்தக்கா பொறுக்குதீய? மோதிரம் விழுந்துட்டா?"

"மணலு பொறுக்குதோம்" என்றார் பேச்சியம்மாள்.

"மணலுலயா மணலு பொறுக்குதீய?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் ஈரத் தலையோடு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு தட்டை இழுத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாளும் அதே வேலை. காலையில் கடைக்குப் போனபோது ஒருவர் பொட்டலத்தைத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, ஒரு பக்கம் கருகிக் கிடக்கு, ஒரு பக்கம் பச்சையாக் கிடக்கு?" புது மணல் சூட்டைச் சமமாகப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி வேறு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். "புது மணலு வே. பைய பழகிரும்." என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பொறுக்கிய துகளில் பாதியைச் சட்டிக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "ஒரு கைப்பிடி மணலு சட்டிக்கு எங்க காணும்? நீங்க கொண்டு போங்கம்மா. நம்ம கைத்தப்பு, உங்க பொழப்பு கெட்டுரக் கூடாதுல்லா" என்றார்.

சாயங்காலம் சின்ன ஊறுகாய் பாட்டில் ஒன்று நிறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதே படித்துறையில் வறுபடாத ஆற்று மணலும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் முதல் பாட்டிலின் மூடியைத் தானே திருகி, துணி சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார். "நல்லபடியா வரணும் தங்கச்சி" என்றார்.

நான்காம் நாள் எனக்கு வேலை இல்லை. ஆறு போகும் திசையில் நானும் போய்ப் பார்க்கலாம் என்று ஸ்ரீவைகுண்டம் வரை போனேன். அணைக்கட்டின் மேல் தண்ணீர் ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது. வாழைத்தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து பொட்டலத்துச் சோற்றைச் சாப்பிட்டேன். தார் சுமந்து வந்த ஒருவர் நின்று, "எங்கன இருந்து வாரீய?" என்று கேட்டார். சேரன்மகாதேவியிலிருந்து என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அது உண்மைபோலத்தான் இருந்தது. மலையிலிருந்து கிளம்பிய மணல் இந்தக் கட்டு வரை வந்து நிற்கிறது. கொஞ்சம் மட்டும் வழியில் ஒரு சட்டியில் ஏறி, முப்பது வருடம் கடலை வறுத்து, என் பைக்குள் வந்திருக்கிறது. வெயில் இலைகளுக்கு நடுவே அசைந்தது. அங்கேயே தூங்கிவிட்டேன்.

திரும்பிப் போனதும் வேலை பிடித்துக்கொண்டது. ஜெர்மனியில் இலை உதிர்ந்து, பனி விழுந்து, நாலு மணிக்கே இருட்டியது. ஸிர்க்கான் துகள்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக வைத்து அளந்தேன். வறுபட்ட துகள், வறுபடாத துகள். மறுபடி வறுபட்டது, மறுபடி வறுபடாதது. அளவுகள் வந்து சேரச் சேர, எனக்கு வேண்டிய வித்தியாசம் எங்காவது தலைகாட்டும் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே கலைந்து கிடந்தன. முப்பது வருட இளஞ்சூடு அந்தத் துகளை ஆற்றவில்லை. கருவியைச் சந்தேகப்பட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். அதே பதில். அன்றைக்கு ஆய்வுக்கூடத்தின் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் நல்லவர், என்மேல் அக்கறை உள்ளவர். நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த மணல் பாதையில் கொட்டிக் கிடந்தது அல்லவா? கலப்படமான மாதிரி, முடிவை எடுத்துக்கொள்ள முடியாது என்று மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னும் இரண்டு வருடம் வாங்கித் தருகிறேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு துகளின் கீறலிலும் கரிந்த எண்ணெயை நுண்ணோக்கியில் நான் பார்த்திருந்தேன். பேச்சியம்மாள் கொடுத்ததில் ஒரு துகள்கூட அந்நியமில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். கடிதத்தைப் பாதி எழுதி மேசையில் வைத்துவிட்டு, மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நான்காம் நாள் காலையில் போன் வந்தது. சேரன்மகாதேவி.

"என்னம்மா, சொகமா இருக்கீயளா? மணலு என்ன சொல்லுது?"

சுற்றி வளைக்க மனம் வரவில்லை. ஆறவில்லை என்று சொன்னேன்.

பின்னால் சட்டியில் கரண்டி புரளும் ஓசை கேட்டது. அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நாங்க பாதையில கொட்டிக் கெடுத்ததுனாலதானம்மா?"

பாதிக் கடிதம் என் முன்னால் கிடந்தது. ஒரு ஆமாம் போதும். அவருக்கும் அதுதான் பதில், குழுவுக்கும் அதுதான் பதில். அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், யாரும் என்னைத் திட்டப் போவதில்லை.

"இல்லீங்க அண்ணாச்சி" என்றேன். "உங்க மணல் கெடவே இல்லை. பேச்சியக்கா பொறுக்கிக் குடுத்தது அத்தனையும் சுத்தமுங்க. நான் நெனச்சதுதான் தப்பு. என் கணக்குத்தான் தப்பு."

சொல்லி முடித்த பிறகு அந்தக் கடிதத்தை இனி எழுத முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருடம். மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"இத அவகிட்டயும் நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா" என்றார் அண்ணாச்சி. "நாஞ் சொன்னா நம்ப மாட்டா. நீங்க போன நாள்ல இருந்து அவ ஒரு கடலைய எடுத்து வாயில போடல."

போனைப் பேச்சியக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.